கம்ப்யூட்டர் மணி தப்பாகக் காட்டினால் மணியை மட்டும் மாற்றாதீர்கள்

இந்த முறை கொஞ்சம் சின்ன விஷயம். சின்ன விஷயம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் விஷயம் என்று சொல்வதுதான் சரி.

கம்ப்யூட்டர் திரையின் வலது கீழ் மூலையில் ஒரு கடிகாரம் இருக்கிறது அல்லவா? அது தப்பாகக் காட்டினால் நம் வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, "செல்லில்தான் மணி இருக்கே, இதை யார் பார்க்கப்போறாங்க" என்று அப்படியே விட்டுவிடுவார்கள். இல்லையென்றால் மணியைக் கையால் சரிசெய்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். மறுநாள் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் மறுபடியும் பழைய தேதி. மறுபடியும் திருத்துவார்கள். இப்படியே வருடக்கணக்கில் ஓடும்.

இரண்டுமே தப்பு என்பது என் கருத்து. மணி தப்பாவது காய்ச்சல் மாதிரி. உள்ளே ஏதோ ஒன்று சரியில்லை என்று அது சொல்கிறது. என்ன சரியில்லை என்று பார்க்காமல் தினமும் மாத்திரை போடுகிற மாதிரிதான் தினமும் மணியைத் திருத்துவது. காரணத்தைக் கண்டுபிடிப்பது ஒன்றும் கம்ப சூத்திரம் இல்லை. எவ்வளவு நேரம் தப்பு என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

யார் பார்க்கிறார்கள்?

நீங்கள் பார்ப்பதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கம்ப்யூட்டர் தன் கடிகாரத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

முக்கியமான உதாரணம் பூட்டு அடையாளம் போட்ட இணையதளங்கள். வங்கியோ, தேர்வுக்கு விண்ணப்பிக்கும் தளமோ, ஒவ்வொன்றும் "நான்தான் அந்தத் தளம்" என்று ஒரு சான்றிதழைக் காட்ட வேண்டும். அந்தச் சான்றிதழில் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும் என்று எழுதியிருக்கும். இன்றைய தேதி அந்த இடைவெளிக்குள் இருக்கிறதா என்று உங்கள் பிரவுசர் சரிபார்க்கும். எதை வைத்து? உங்கள் கம்ப்யூட்டர் கடிகாரத்தை வைத்து! அதில் 2009 என்று இருந்தால் உலகத்தில் உள்ள எல்லாச் சான்றிதழும் "இன்னும் பிறக்காத" சான்றிதழ்தான். உடனே எச்சரிக்கை வரும், "இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்று.

முன்பெல்லாம் சான்றிதழ்கள் வருடக்கணக்கில் செல்லும். 2015-இல் லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசச் சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்தபோது 90 நாள்தான் கெடு வைத்தார்கள். அதற்குப் பிறகு மற்றவர்களும் காலத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். கெடு குறையக் குறைய, நம் தேதி கொஞ்சம் பிசகினாலும் மாட்டிக்கொள்வோம்.

இனிமேல்தான் என் கவலை. கடிகாரம் தப்பாக உள்ள வீட்டில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் எச்சரிக்கை வரும். வீட்டில் உள்ளவர்கள் என்ன செய்வார்கள்? "அட்வான்ஸ்டு" என்பதை அழுத்தி, "பரவாயில்லை, போ" என்று உள்ளே போகக் கற்றுக்கொள்வார்கள். அப்பா கற்றுக்கொள்வார், தம்பிக்குச் சொல்லிக்கொடுப்பார். சில பெரிய தளங்களில் அந்த "போ" பட்டனே இருக்காது, அவை திறக்கவே திறக்காது. மற்ற தளங்களில் இருக்கும். அடுத்து ஒருநாள் நிஜமாகவே யாரோ போலித் தளம் போட்டு ஏமாற்றப் பார்த்தால், அப்போதும் அதே எச்சரிக்கைதான் வரும். பழகிய கை தானாக "போ" என்று அழுத்தும். பாஸ்வேர்டும் போய்விடும், பணமும் போய்விடும். ஒரு சின்ன கடிகாரத்தைக் கவனிக்காததால் ஒரு குடும்பமே எச்சரிக்கையை மதிக்காமல் இருக்கப் பழகிவிடுகிறது. மணியைத் திருத்துவது பற்றி இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு முதல் காரணம் இதுதான்.

குரோம் போன்ற பிரவுசர்கள் இப்போது "உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது" என்று நேரடியாகவே சொல்கின்றன. ஆனால் சிவப்பு நிறத்தைப் பார்த்ததும் பயந்து மூடுகிறவர்களும், படிக்காமலே அடுத்த பட்டனைத் தேடுகிறவர்களும்தான் நம் ஊரில் அதிகம்.

எங்கள் வகுப்பு நண்பர்களுக்கு இன்னொரு உதாரணம். சி ப்ரோகிராம் எழுதி 'மேக்' கட்டளை கொடுக்கிறோம் அல்லவா? எந்தக் கோப்பு புதிது, எது பழையது என்று தேதியை வைத்துத்தான் அது முடிவு செய்கிறது. கடிகாரம் முன்னும் பின்னும் குதித்தால், நீங்கள் திருத்திய கோப்பைப் பழையது என்று நினைத்து விட்டுவிடும். "கோடை மாத்திட்டேன், ஆனா அவுட்புட் மாறல" என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள், 'க்ளாக் ஸ்க்யூ டிடெக்டட்' என்று ஒரு வரி வந்திருக்கிறதா என்று பாருங்கள். :-)

கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் ஓடும் கடிகாரம்

1981-இல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் பேட்டரிக் கடிகாரமே கிடையாது. டாஸ் ஏறியதும் தேதி என்ன, மணி என்ன என்று அதுவே கேட்கும், நாம் தட்ட வேண்டும். சும்மா என்டர் தட்டினால் 1980 ஜனவரி 1 என்று எடுத்துக்கொள்ளும். 1984-இல் வந்த பிசி ஏடி மாடலில்தான் பேட்டரியில் ஓடும் கடிகாரச் சில்லு போர்டிலேயே வந்தது.

அந்த ஏற்பாடுதான் இன்றைக்கும். மதர்போர்டில் ஒரு குவார்ட்ஸ் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அது ஏன் அந்த எண்? 2-ஐ 15 முறை பெருக்கினால் 32,768. அதாவது அதிர்வை 15 முறை பாதிபாதியாகக் குறைத்தால் சரியாக ஒரு வினாடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். கைக்கடிகாரத்திலும் இதே படிகம்தான்.

மின்சாரம் இல்லாதபோது இதை ஓட்டுவது வட்டமான ஒரு பொத்தான் பேட்டரி. பெரும்பாலும் சிஆர் 2032. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், அதுதான் அந்த எண்ணின் அர்த்தம். 3 வோல்ட்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை, கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் கடிகாரம் அந்த மின்சாரத்தில்தான் ஓடும். பேட்டரிக்கு வேலை இல்லை. நாம் என்ன செய்கிறோம்? ஷட் டவுன் செய்ததும் சுவர் சுவிட்சையும் அணைத்துவிடுகிறோம். இடி மின்னலுக்குப் பயந்தும், கரண்ட் பில்லுக்குப் பயந்தும் செய்கிற நல்ல பழக்கம்தான், நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் அந்த நேரம் முழுக்க பேட்டரிதான் சுமக்கிறது. அதனால் நம் வீடுகளில் அது சீக்கிரம் தீர்ந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்றும் நினைக்க வேண்டாம்.

எவ்வளவு தப்பு என்று பாருங்கள்

மணியைத் தொடுவதற்கு முன்னால் செல்லில் மணி பார்த்து வித்தியாசத்தைக் கணக்குப் போடுங்கள்.

1. வருடமே தப்பு, அதுவும் சுவிட்சை அணைத்துப் போட்ட பிறகு மட்டும்: பேட்டரி தீர்ந்துவிட்டது. பழைய போர்டாக இருந்தால் கறுப்புத் திரையில் 'சீமாஸ் செக்சம் எரர்' என்றோ, 'எஃப் 1 அழுத்தவும்' என்றோ ஆங்கிலத்தில் வந்து நிற்கும்.

2. சில நிமிடங்கள் மட்டும் தப்பு: படிகம் துல்லியமாக இல்லை, இணையத்தோடு நேரம் ஒத்துப்பார்க்கும் வசதியும் ஓடவில்லை. பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகு இருக்கும் படிகம் நாளுக்கு ஒன்றே முக்கால் வினாடி போல விலகும், மாதத்துக்கு 50 வினாடிக்கு மேல். வருடம் ஆனால் பத்து நிமிடம். இது கோளாறே இல்லை, அதன் இயல்பு.

3. நிமிடம் அச்சாகச் சரி, ஆனால் 12 மணி நேரம் தப்பு: ஏஎம், பிஎம் மாறியிருக்கிறது. வித்தியாசம் 13 மணி 30 நிமிடம் அல்லது 12 மணி 30 நிமிடம் என்றால் நேர மண்டலம் அமெரிக்க பசிபிக் கரையில் இருக்கிறது. விண்டோஸ் போடும்போது அந்தக் கேள்விக்கு யாரோ 'நெக்ஸ்ட்' தட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

4. சரியாக 5 மணி 30 நிமிடம் தப்பு: லினக்ஸும் விண்டோஸும் ஒரே கம்ப்யூட்டரில் வைத்திருப்பவர்களே, இது உங்களுக்கு. மதர்போர்டு கடிகாரத்தில் உலக நேரம், அதாவது யுடிசி இருக்கிறது என்று லினக்ஸ் எடுத்துக்கொள்ளும். உள்ளூர் நேரம் இருக்கிறது என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். ஒன்று எழுதிவைத்ததை இன்னொன்று தப்பாகப் படிக்கும். விண்டோஸில் ஐந்தரை மணி நேரம் பின்னால் போகும், அதைத் திருத்தினால் லினக்ஸில் ஐந்தரை மணி நேரம் முன்னால் போகும். மாற்றி மாற்றித் திருத்திக்கொண்டிருந்தால் ஆயுசுக்கும் முடியாது. இரண்டில் ஒன்றின் வழக்கத்தை மாற்ற வேண்டும். லினக்ஸை உள்ளூர் நேரத்தில் வைப்பது ஒரே வரிக் கட்டளைதான்.

பாருங்கள், நான்கும் நான்கு வெவ்வேறு காரணம். எல்லாவற்றுக்கும் "மணியை மாத்து" என்ற ஒரே மருந்து எப்படிச் சரியாகும்?

மண்டலத்தை மறந்துவிடுகிறோம்

இதில் அதிகம் பேர் தவறவிடுவது நேர மண்டலத்தை. மண்டலம் தப்பாக இருக்கும்போது மணியை மட்டும் தள்ளிவைத்தால் கண்ணுக்குச் சரியாகத் தெரியும். ஆனால் உள்ளே கம்ப்யூட்டர் கணக்கிடும் உலக நேரம் தப்பாகிவிடும். சான்றிதழும் மின்னஞ்சலும் அந்த உலக நேரத்தில்தான் நடக்கின்றன. அவுட்லுக், தண்டர்பேர்ட் மாதிரி மென்பொருளில் அனுப்பும் கடிதத்தில் மண்டலமும் சேர்ந்தே போகும். நீங்கள் காலையில் அனுப்பியது லண்டனில் இருக்கும் சித்தப்பாவுக்கு இரவில் அனுப்பியதாகத் தெரியும்.

இந்த மண்டலத் தலைவலி கம்ப்யூட்டருக்கு முன்பே நம் ஊரில் இருந்ததுதான். ஊருக்கு ஊர் சூரியன் உதிக்கும் நேரம் வேறு என்பதால் மணியும் வேறாக இருந்தது. ரயிலுக்கு அது சரிப்படுமா? 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்கள் மெட்ராஸ் நேரத்தைத்தான் பின்பற்றின. கிரீன்விச்சைவிட சுமார் 5 மணி 21 நிமிடம் முன்னால் இருந்த நேரம் அது. நுங்கம்பாக்கத்தில் இருந்த வானியல் ஆய்வகம் கணித்த நேரம். 1906 ஜனவரி 1 முதல்தான் ஐந்தரை மணி நேரக் கணக்கு இந்தியத் திட்ட நேரமாக வந்தது.

இலங்கை நண்பர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். அங்கே 1996-இல் நேரத்தை முதலில் ஆறரைக்கும் பிறகு ஆறுக்கும் மாற்றினார்கள். 2006 ஏப்ரலில் திரும்ப ஐந்தரைக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் அப்போது இருந்த விண்டோஸின் மண்டலப் பட்டியலில் ஆறு என்பதே இருந்தது. அந்த நிலையில் மணியை அரைமணி பின்னால் தள்ளுவது தப்பான வழி. பட்டியலில் சென்னை என்று இருக்கும் வரியைத் தேர்ந்தெடுப்பதுதான் சரியான வழி. இரண்டிலும் திரையில் ஒரே மணிதான் தெரியும். உலக நேரம் சரியாக இருப்பது இரண்டாவதில் மட்டும்தான்.

சரி, என்ன செய்ய வேண்டும்?

வரிசை முக்கியம். பேட்டரி, மண்டலம், மணி, இணையம்.

பேட்டரி தீர்ந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். பவர் பட்டனைச் சில வினாடிகள் அழுத்திப்பிடித்தால் மிச்சமிருக்கும் மின்சாரமும் போய்விடும். மூடியைக் கழற்றி, கேபினெட்டின் இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு, போர்டில் காசு மாதிரி இருக்கும் பேட்டரியைப் பாருங்கள். ஓரத்துக் கொக்கியைத் தள்ளினால் அது மேலே வரும். எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் மேலே இருக்கும்படி புதியதை வையுங்கள். வாட்ச் கடையிலேயே கிடைக்கும், ஒரு வேளை டிபன் செலவுதான். பிறகு பயாஸ் திரைக்குள் போய் தேதியையும் மணியையும் போட்டுச் சேமியுங்கள். பயாஸில் நீங்கள் ஏதாவது மாற்றி வைத்திருந்தால் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். டிரைவுக்கு பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் அதன் மீட்பு எண்ணையும் எடுத்துவைத்துவிட்டுத் தொடங்குங்கள். லேப்டாப் என்றால் நீங்களே திறக்காமல் தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது. சிலவற்றில் பேட்டரி ஒயரோடு இருக்கும், சிலவற்றில் பற்றவைத்திருப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை: பழைய பேட்டரியை மேசை மேல் போட்டுவிடாதீர்கள். சின்னக் குழந்தைகள் விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும், உயிருக்கே ஆபத்து. இதில் விளையாட்டு வேண்டாம்.

அடுத்து மண்டலம். கடிகாரத்தின் மேல் ரைட் கிளிக் செய்து 'அட்ஜஸ்ட் டேட் அண்ட் டைம்' போங்கள். சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடில்லி என்று நான்கு ஊர் பெயரும் ஒரே வரியில் இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள்.

அதன் பிறகு மணி. வருடம் தப்பாக இருந்தால் முதலில் கையால் சரியான தேதியைப் போடுங்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், வீட்டுக் கம்ப்யூட்டரில் வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் விண்டோஸ் இணைய நேரத்தை ஏற்றுக்கொள்ள மறுத்துவிடும். வெளியிலிருந்து யாரோ தப்பான நேரம் கொடுக்கிறார்கள் என்று சந்தேகப்படும். "ஆட்டோமேட்டிக் போட்டும் மாறலையே" என்று சொல்பவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

கடைசியாக 'செட் டைம் ஆட்டோமேட்டிக்கலி' என்பதை இயக்கி, 'சிங்க் நவ்' அழுத்துங்கள். இதற்குப் பின்னால் இருப்பது என்டிபி என்ற முறை. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் மில்ஸ் 1985-இல் வகுத்துக்கொடுத்தது. நேரம் கேட்டுப் போன செய்தி திரும்பி வர எவ்வளவு நேரமானது என்பதையும் அளந்து, அந்தத் தாமதத்தைக் கழித்துச் சரியான நேரத்தைக் கணக்கிடும். அன்றைக்கு ரயில் நிலையங்களுக்குத் தந்தியில் நேரம் அனுப்பியதுதான் இன்றைக்கு இப்படி மாறியிருக்கிறது. மில்ஸ் 2024-இல் காலமானார். அவர் பெயர் தெரியாமலே உலகம் முழுக்க அவருடைய கணக்கில்தான் மணி பார்க்கிறது.

"நெட் போட்டா தானா சரியாயிடுமே?"

நல்ல கேள்விதான். நெட் இருந்தால் மணி சரியாகிவிடும், உண்மை. ஆனால் தீர்ந்த பேட்டரி தீர்ந்ததாகவே இருக்கும். அந்தப் பேட்டரி பழைய போர்டுகளில் மணியை மட்டும் காப்பாற்றவில்லை, பயாஸ் அமைப்புகளையும் சேர்த்துக் காப்பாற்றுகிறது. ஹார்ட் டிஸ்க்கை எந்த முறையில் படிக்க வேண்டும் என்பதும் அதில் அடக்கம். அது ஒருநாள் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பினால் விண்டோஸ் ஏறாமல் நீலத் திரையில் நின்றுவிடலாம்.

இங்கேதான் எனக்குக் கோபம் வரும். எங்கள் தெருவில் ஒரு அக்கா வீட்டு கம்ப்யூட்டரை ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். எந்தத் தளமும் திறக்கவில்லை, தேதி 2009 ஜனவரி. கடைக்காரர் ஆன் செய்து பார்த்த வேகத்தில், "தம்பி, விண்டோஸ் அடிச்சிருச்சு. ஃபார்மட் போட்டுரலாம்" என்றார். "அண்ணே, தேதியைப் பாருங்கண்ணே" என்று சொன்னதற்கு, "அதெல்லாம் ஃபார்மட் போட்டா தானா சரியாயிரும்" என்று பதில். ஃபார்மட் போட்டால் பேட்டரி எப்படி உயிர் பெறும்? அந்த ஹார்ட் டிஸ்க்கில் அக்காவின் கல்யாண போட்டோக்கள் எல்லாம் இருந்தன, வேறு எங்கும் காப்பி இல்லை. திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்து, பேட்டரி வாங்கிப் போட்டோம். பத்து நிமிட வேலை. எல்லாத் தளமும் திறந்தது.

அந்தக் கடைக்காரரை மட்டும் குறை சொல்லவில்லை. நாமும் கேட்பதில்லை. பள்ளியில் கம்ப்யூட்டர் பாடத்தில் எத்தனை தலைமுறைக் கணினி என்று மனப்பாடம் செய்கிறோம். மூடியைக் கழற்றி அந்தப் பேட்டரியைக் காட்டினால் ஒரு வகுப்பு நேரத்தில் முடிந்துவிடும். இரண்டாயிரம் ரூபாய் செலவையும் இருபது வருடப் போட்டோவையும் காப்பாற்றும் பாடம் அது.

அரசாங்கத்துக்கு இதன் முக்கியம் தெரியும். 2022 ஏப்ரலில் நாட்டின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஒரு உத்தரவு போட்டது. நிறுவனங்கள் எல்லாம் தங்கள் கணினிக் கடிகாரங்களை தேசிய தகவல் மையத்தின் நேரத்தோடோ, டெல்லியில் இந்தியத் திட்ட நேரத்தைப் பராமரிக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடோ ஒத்து வைத்திருக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. ஒரு தாக்குதல் நடந்தால் எந்தக் கணினியில் எது முதலில் நடந்தது என்று வரிசைப்படுத்த, எல்லாக் கடிகாரமும் ஒன்றாக இருக்க வேண்டுமே. வீடுகளுக்கு அப்படி உத்தரவு எதுவும் கிடையாது. நம் வீட்டுக் கடிகாரத்துக்கு நாம்தான் பொறுப்பு.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வீட்டு கம்ப்யூட்டரை ஒருமுறை சுவர் சுவிட்சோடு அணைத்து, கொஞ்ச நேரம் கழித்துப் போட்டுப் பாருங்கள். இணைய இணைப்பைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், அப்போதுதான் உண்மை தெரியும். தேதி பழையதாக வந்தால் மணியைத் திருத்திவிட்டு எழுந்துவிடாதீர்கள், வாட்ச் கடைக்குப் போங்கள். சிவப்பு எச்சரிக்கை வந்தால் "போ" என்று அழுத்தக் கூடாது, முதலில் தேதியைப் பார்க்க வேண்டும் என்று அம்மா அப்பாவிடமும் சொல்லிவிட்டு வாருங்கள்.